டேனியல்களின் குமரி நிலக்காட்சி

குமரிமுனையின் பெயரைத் தாங்கிய பழைய ஆங்கிலேய நிலக்காட்சி ஒன்று, முனையில் நின்று வரையப்பட்டதே அல்ல. ‘களக்காட்டருகே வரையப்பட்ட குமரிமுனை’ என்பது தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வெளியிட்ட அக்குவாடின்ட் அச்சுப்படம். களக்காட்டிலிருந்து முனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிதான் படத்தின் உண்மையான பொருள். நாஞ்சில் நாட்டார் தம் வயல்களுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் தினமும் காணும் மலைநிரையை ஓவியர்கள் மறுபுறத்திலிருந்து பார்த்தார்கள்.

1786-இல் இந்தியா வந்த இருவரும் 1792-இல் தென்னாட்டில் சுற்றினர். பாபநாசம் அருவியையும் அப்போது வரைந்தார்கள்.

காட்சியைத் தாளில் விழச்செய்யும் ஆடிப்பெட்டியான கேமரா அப்ஸ்கியூரா அவர்களுக்குக் கைகொடுத்தது. லண்டன் திரும்பியபின், செப்புத்தகட்டில் பிசின்தூள் படியவைத்து அமிலத்தால் அரித்து, நீர்வண்ணத்தின் மென்சாயலை அச்சில் கொண்டுவந்தனர்; பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. இவ்வாறு 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பில் 144 படங்கள் உள்ளன. குமரிக் காட்சியும் அவற்றுள் ஒன்று.

இந்தக் காட்சிகளை அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் காட்டியற்கையை ஓவியப் பொருளாக்கிய ஹட்சன் ஆற்று மரபு, தாமஸ் கோல் 1825-இல் கேட்ஸ்கில் மலைகளை வரைந்ததிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். டேனியல்களின் தென்னாட்டுப் பயணம் அதற்கு 33 ஆண்டுகள் முந்தையது. இயற்கையின் பேருருவின்முன் வியந்து நிற்கும் பார்வை இரண்டுக்கும் பொது. ஆனால் கோல் மனிதத் தடமற்ற காட்டைத் தேடினார். டேனியல்களின் தொகுப்பிலோ மலை, அருவிகளுடன் கோயில்களும் கோட்டைகளும் நிறைந்துள்ளன.