இரண்டாவது குண்டு: கயோட்டி வேட்டையும் மூன்று துப்பாக்கிகளும்

சின்ன வயசுல ரோட் ரன்னர் கார்ட்டூன் பார்க்காதவங்க நம்மள்ல குறைவுதான். வேகமா ஓடுற ஒரு பறவை. அதைப் பிடிக்க விதவிதமா இயந்திரம் வாங்கி, ஒவ்வொரு தடவையும் பள்ளத்துல விழுற ஒரு மெலிஞ்ச விலங்கு. 1949-ல சக் ஜோன்ஸ் உருவாக்கின அந்த விலங்கை நாம நரின்னோ ஓநாய்னோ நினைச்சிருப்போம். ரெண்டும் இல்லை. அது கயோட்டி. ஓநாயை விடச் சின்னது, நம்ம ஊர் நரியை விடக் கொஞ்சம் பெரியது. அமெரிக்கக் கண்டத்தைத் தவிர வேற எங்கேயும் கிடையாது.

அமெரிக்காவுல இந்தக் கயோட்டியை வேட்டையாடுறவங்க பல தலைமுறையா ஒரு கேள்வியை வச்சு வாதாடிக்கிட்டு இருக்காங்க. லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி நல்லதா, போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோமேட்டிக்கா? துப்பாக்கிக் கடையில கேட்கிற கேள்வி மாதிரி இருக்கு இல்லையா? ஆனா இதுக்குள்ள 150 வருஷ வரலாறு ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, ‘ஆக்‌ஷன்’னா என்ன? ஒரு குண்டு சுட்டதும் காலித் தோட்டாவை வெளியே தள்ளணும், அடுத்த தோட்டாவைக் குழலுக்குள்ள ஏத்தணும். அந்த வேலையைச் செய்யற பொறிக்குப் பேர்தான் ஆக்‌ஷன். முதல் குண்டைப் பொறுத்தவரைக்கும் மூணு துப்பாக்கியும் ஒண்ணுதான். வித்தியாசமெல்லாம் ரெண்டாவது குண்டுலதான். அந்த ரெண்டாவது குண்டு எவ்வளவு சீக்கிரம் வேணும்? இதுக்குக் கிடைச்ச மூணு பதிலும் கயோட்டிக்காக யோசிச்சது கிடையாது. மூணும் மனுஷனோட மனுஷன் போட்ட சண்டைகளோட சேர்ந்து வளர்ந்தது.

லீவர்ல ஆரம்பிப்போம். 1861-ல அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குது. பெரும்பாலான சிப்பாய்கள் கையில, ஒரு தடவை சுட்டதும் குழலோட வாய் வழியா மறுபடி மருந்தும் குண்டும் இடிக்க வேண்டிய துப்பாக்கிதான். அந்தக் காலத்துல வந்தது ஹென்றி ரைஃபிள். விசைக்குக் கீழே ஒரு கைப்பிடி. அதைக் கீழே தள்ளினா காலித் தோட்டா வெளியே விழும். மேலே இழுத்தா அடுத்தது உள்ளே போகும். குழலுக்கு அடியில இருக்கிற நீளக் குழாய்ல 16 தோட்டா பிடிக்கும். இதோட வாரிசுதான் 1866, 1873 வின்செஸ்டர்கள். அப்புறம் ஜான் பிரௌனிங் வடிவமைச்ச 1894 மாடல்.

குதிரையில போறவனுக்கு இது ரொம்பத் தோது. ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கும், சேணத்துப் பக்கத்துல உறையில செருகிடலாம். மாடு மேய்க்கப் போற வழியில கயோட்டி கண்ணுல பட்டா உருவிச் சுடலாம்.

ஆனா ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் குழாய்ல தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். பின்னாடி இருக்கிற குண்டோட முனை, முன்னாடி இருக்கிற தோட்டாவோட வெடிப்பு மூடியைத் தொட்டுக்கிட்டு இருக்கும். முனை கூரா இருந்தா, சுடும்போது வர்ற அதிர்ச்சியில குழாய்க்குள்ளேயே வெடிச்சிடலாம். அதனால மொட்டை முனைக் குண்டுதான். மொட்டை முனை காத்தைக் கிழிக்காது, வேகம் சீக்கிரம் குறையும். 150 மீட்டருக்கு மேல கயோட்டி அளவு விலங்கைக் குறி வைக்கிறது கஷ்டம். 1899-ல சாவேஜ் கம்பெனி சுழல் மேகசின் வச்ச ஒரு லீவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து இந்தச் சிக்கலைத் தீர்த்துச்சு. ஆனா அது விதிவிலக்கு.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடணும். அந்தக் காலத்துல கயோட்டியை அதிகமாக் கொன்னது துப்பாக்கி இல்லை, விஷமும் பொறியும். செத்த மாட்டோட உடம்புல ஸ்ட்ரிக்னைன் தடவிப் போடுவாங்க. 1915-ல அமெரிக்க காங்கிரஸ், கால்நடைகளைத் தாக்குற விலங்குகளை ஒழிக்க 1,25,000 டாலர் ஒதுக்குச்சு. அதுக்கப்புறம் கயோட்டியைக் கொல்றது அரசாங்க வேலையாவே ஆயிடுச்சு.

இப்போ ரெண்டாவது துப்பாக்கி. 1898 ஜூலை 1, கியூபா, சான் ஹுவான் மலை. ஸ்பானிய வீரர்கள் கையில ஜெர்மானிய மௌசர். போல்ட் ஆக்‌ஷன். ஒரு கிளிப்ல அஞ்சு தோட்டாவைக் கோத்து, ஒரே அழுத்துல மேகசினுக்குள்ள இறக்கிடலாம். அமெரிக்கர்கள் வச்சிருந்த கிராக்கும் போல்ட் ஆக்‌ஷன்தான். ஆனா தோட்டாவை ஒவ்வொண்ணாப் போடணும். மலையைப் பிடிச்சது அமெரிக்கா, ஆனா பாடம் கத்துக்கிட்டதும் அவங்கதான். 1903-ல ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளைக் கொண்டுவந்தாங்க. மௌசரை எவ்வளவு பார்த்துச் செஞ்சாங்கன்னா, காப்புரிமைக்காக அமெரிக்க அரசாங்கம் மௌசர் கம்பெனிக்கு 2,00,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது!

முதல் உலகப் போர் முடிஞ்சு வீடு திரும்பினவங்களுக்கு போல்ட் பழகிப்போச்சு. 1925-ல வின்செஸ்டர் 54, 1936-ல மாடல் 70. போல்ட்டோட முன்பக்கம் ரெண்டு கெட்டியான பற்கள் இருக்கும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, திருப்பினதும் பூட்டிக்கும். அதனால அதிக அழுத்தத்தைத் தாங்கும், கூர்முனைக் குண்டையும் போடலாம். 1935-ல வந்த .220 ஸ்விஃப்ட் குண்டோட வேகம் நொடிக்கு 4,000 அடிக்கும் மேல. அதுவரைக்கும் எட்டாத தூரத்துல நின்னு வேடிக்கை பார்த்த கயோட்டி, இப்போ 300 மீட்டர்லயும் எட்டிடுச்சு.

இதுக்கு விலை என்ன? ரெண்டாவது குண்டு தாமதமாகும். விசையில இருந்து கையை எடுத்து, பிடியைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, மறுபடி இறக்கணும். அதுக்குள்ள கயோட்டி புதருக்குள்ள போயிருக்கும். அதனால போல்ட் வச்சிருக்கிறவன் ரெண்டாவது குண்டை நம்பி வேட்டைக்குப் போக மாட்டான். சரியா நிக்கிற வரைக்கும் காத்திருப்பான்.

மூணாவது கதை 1970-கள்ல சூடு பிடிக்குது. 1972-ல அதிபர் நிக்சன், அரசாங்க நிலங்கள்ல வேட்டை விலங்குகளுக்கு விஷம் வைக்கிறதைத் தடுத்தார். அந்தப் பத்தாண்டுகள்லயே கயோட்டித் தோலுக்கு நல்ல விலை வந்துச்சு. தோலுக்காக வேட்டையாடுறவன் புதர்ல ஒளிஞ்சு உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துற மாதிரி ஊதுவான். சத்தம் கேட்டு கயோட்டி வரும். பல நேரம் ஜோடியாவே வரும். ஒண்ணைச் சுட்டதும் இன்னொண்ணு ஓடும். ரெண்டாவது குண்டு இப்போ ரெண்டாவது கயோட்டிக்கு.

இந்த இடத்துக்குத்தான் மெதுவா வந்து சேர்ந்துச்சு ஏஆர்-15. யூஜின் ஸ்டோனர் 1950-கள்ல ஆர்மலைட் கம்பெனியில வடிவமைச்சது. ராணுவத்துல இதோட வடிவம் எம்-16 ஆகி வியட்நாமுக்குப் போச்சு. கோல்ட் கம்பெனி 1960-கள்லயே செமி ஆட்டோமேட்டிக்கா மாத்தி பொதுமக்களுக்கும் வித்துச்சு. சுட்டதும் குழல்ல இருந்து கொஞ்சம் வாயுவே திரும்பி வந்து அடுத்த தோட்டாவை ஏத்திடும். கை நகர வேண்டாம், கண்ணை எடுக்க வேண்டாம். .223 குண்டு சின்னது, தோளை உதைக்காது, தோலையும் பெருசா கிழிக்காது.

ஆனா பள்ளிக்கூடங்கள்ல நடந்த படுகொலைகள் வழியா உலகம் தெரிஞ்சுக்கிட்டதும் இதே துப்பாக்கியைத்தான். அதனால அமெரிக்காவுல இதை வச்சு நடக்கிற விவாதம் வெறும் தொழில்நுட்ப விவாதமா இருக்க முடியாது. பென்சில்வேனியா மாநிலத்துல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வச்சு வேட்டையாடவே 2017 வரைக்கும் அனுமதி கிடையாது. அப்போ கயோட்டிக்கு அனுமதிச்சாங்க, மானுக்கு மறுத்துட்டாங்க. மானுக்குக் கிடைச்ச மரியாதை கயோட்டிக்குக் கிடைக்கலை.

சரி, எது நல்லது? அடர்ந்த புதர், கிட்டத்துல சுடணும்னா லீவர் இன்னைக்கும் போதும். திறந்த புல்வெளி, தூரம் அதிகம்னா போல்ட். ஊதி வரவழைக்கிற வேட்டைன்னா பலர் செமி ஆட்டோமேட்டிக்கை எடுக்கிறாங்க. அனுபவசாலிகள் சொல்ற பதில் இவ்வளவுதான்.

ஆனா இத்தனை வேட்டையில கயோட்டிக்கு என்ன ஆச்சு? அரசாங்க ஆட்கள் மட்டுமே பல வருஷங்கள்ல, வருஷத்துக்கு 60,000-க்கும் மேல கொன்னிருக்காங்க. அப்படியும், ஒரு காலத்துல மேற்குப் புல்வெளிகள்ல மட்டும் இருந்த கயோட்டி இன்னைக்கு ஹவாயைத் தவிர 49 மாநிலத்துலயும் இருக்கு. ஓநாய்களை ஒழிச்சப்போ அந்தக் காலி இடத்தை இது பிடிச்சுக்கிச்சு. கூட்டம் குறைஞ்சா, மிச்சம் இருக்கிறதுக்கு இரை தாராளமாக் கிடைக்கும், குட்டிகளும் அதிகம் பிழைக்கும். 2006-ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒண்ணு புகுந்து, போலீஸ் துரத்தித் துரத்திப் பிடிச்சாங்க.

ஆட்டுக்குட்டியை இழக்கிற விவசாயியோட கஷ்டம் நிஜம். அதை நாம சிரிச்சுத் தள்ள முடியாது. அவர்ல சிலர் இப்போ துப்பாக்கியோட காவல் நாய்களையும் நம்புறாங்க. இன்னொரு பக்கம், யார் அதிகமாக் கொல்றாங்கன்னு பரிசு வைக்கிற போட்டிகளை கலிஃபோர்னியா 2014-லயும், வெர்மான்ட் 2018-லயும், நியூ மெக்சிகோ 2019-லயும் தடை செஞ்சாங்க. ஒரு ஆட்டைக் காப்பாத்த ஒரு குண்டு சுடறதும், எண்ணிக்கைக்காகச் சுடறதும் ஒண்ணு இல்லைன்னு அந்த மாநிலங்கள் சொல்லியிருக்கு.

150 வருஷமா துப்பாக்கி செய்றவங்க ரெண்டாவது குண்டைச் சுலபமாக்கிக்கிட்டே வந்திருக்காங்க. முதல் குண்டு எதுக்குங்கிற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. கார்ட்டூன்ல இயந்திரம் மேல இயந்திரம் வாங்கித் தோத்தது கயோட்டி. வரலாற்றுல வாங்கினது யாருன்னு நீங்களே பார்த்துக்கங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.