பாதியில் நிற்பவரும் நோக்கத்தோடு வந்தவரே

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு முடியும் வேளையில் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: “அந்தப் பையனுக்கு ஒரு குறிக்கோளே கிடையாது சார்.” நாலைந்து அரியர் வைத்துவிட்டு விடுதி அறையைக் காலி செய்துகொண்டு போனவனைப் பற்றிய பேச்சு அது. வாழ்வில் நோக்கம் உள்ளவர் படிப்பில் நிலைப்பார், இல்லாதவர் நழுவிவிடுவார் என்ற நம்பிக்கையே இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை. அந்த நம்பிக்கையின் முதற்பாதிக்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கிறது. பிற்பாதியைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

நோக்கத்தை அளக்கும் முயற்சி புதிதல்ல. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கலின் சிந்தனையை அடியொற்றி, கிரம்பா, மஹாலிக் ஆகிய இருவரும் 1964இல் 20 கூறுகள் கொண்ட சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஆனால் கல்லூரிப் படிப்பை ஆராய்வோருக்கு, வில்லியம் டேமனும் சக ஆய்வாளர்களும் 2003இல் தந்த வரையறையே கூடுதலாகக் கைகொடுக்கும். அவர்கள் பார்வையில் நோக்கம் என்பது எளிதில் மாறாத ஓர் எண்ணம். தனக்கும் அது பொருளுடையதாக இருக்க வேண்டும், தன்னைத் தாண்டிய உலகுக்கும் அதனால் பயன் விளைய வேண்டும். இந்த அளவுகோலின்படி ‘எப்படியாவது கேம்பஸில் பிளேஸ் ஆகிவிட வேண்டும்’ என்பது இலக்கு மட்டுமே. அந்தச் சம்பளத்தில் தங்கையைப் படிக்கவைக்கலாம் என்ற நினைப்பும் சேர்ந்தால் அது நோக்கமாகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதை டேவிட் யேகர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்க நகரப் பள்ளிகளின் இறுதியாண்டில் இருந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். கணினித் திரையின் ஒரு பக்கம் எளிய கழித்தல் கணக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக. மறுபக்கம் சிறு வீடியோக்களும் டெட்ரிஸ் விளையாட்டும். எதைத் தொடுவது என்பது மாணவர் விருப்பம். பிறருக்குப் பயன்படும் நோக்கத்தோடு படிக்க விரும்பியவர்கள் சலிப்பூட்டும் கணக்குகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள். பின்னர் கல்லூரிப் படிப்பை விட்டு விலகுவதும் அவர்களிடையே குறைவாக இருந்தது. சுவையான வேலை, இன்பமான வாழ்க்கை என்ற தன்னலக் காரணங்கள் மட்டும் தனித்து நின்றபோது இந்தப் பலன் சீராகக் கிடைக்கவில்லை.

நிலைத்து நிற்பதில் பெரும்பகுதி சலிப்பைத் தாங்குவதுதான். முதற்பருவத்து அணிக்கோவையையும் நுண்கணிதத்தையும் எழுதித் தேறிய எவரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆயினும் நுழையும்போது இருந்த நோக்கத்துக்கும் பின்னால் படிப்பில் நீடித்ததற்கும் உள்ள தொடர்பு, காரணத்தை நிறுவிவிடாது. அதே குழு கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், படிப்பின் நோக்கம் பற்றிய ஒரு சிறு பயிற்சிக்குப் பிறகு, தேர்வுக்கான மீள்பார்வைக் கேள்விகளில் அவர்கள் செலவிட்ட நேரம் ஏறத்தாழ இரட்டித்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஒருநாள் உட்கார்ந்து படிப்பதற்கும் நான்காண்டு தாக்குப்பிடிப்பதற்கும் தூரம் அதிகம்.

அந்தத் தூரத்தில் கல்லூரி என்ன செய்கிறது? மாணவர் இடைநிற்றல் ஆய்வில் இன்றும் தவிர்க்க முடியாத வின்சென்ட் டிண்டோ, தற்கொலை பற்றிய சமூகவியலாளர் துர்க்கைமின் கோட்பாட்டைத் துணைக்கொண்டு 1975இல் தன் மாதிரியை அமைத்தார். கல்வியிலும் சக மாணவர் உறவிலும் எந்த அளவுக்கு ஒன்றிப்போகிறாரோ அந்த அளவுக்கு மாணவர் தங்குவார் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அவரே மாணவரின் கண்வழியே பார்க்கத் தொடங்கி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தனக்கு இங்கே இடமுண்டு என்ற உணர்வு, பாடத்திட்டத்தால் பயனுண்டு என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் முன்வைத்தார். மூன்றுமே மாணவர் ஊரிலிருந்து பெட்டியில் கட்டி எடுத்துவரும் பொருள்களல்ல. வகுப்பறையில் வளரலாம், அங்கேயே வாடவும் செய்யலாம்.

நிக்கோல் ஸ்டீபன்ஸ் குழுவினரின் 2012 ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த அமெரிக்க மாணவர்கள், குடும்பத்துக்கு உதவுவது, தன் மக்களுக்குத் திருப்பிச் செய்வது போன்ற காரணங்களை மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பல்கலைக்கழகங்களோ ‘உன் பாதையை நீயே தேடு’ என்ற மொழியில் பேசின. ஆய்வாளர்கள் வரவேற்புக் கடிதம் ஒன்றைத் தனித்தியங்குவதைப் போற்றும் விதமாகவும், சேர்ந்து கற்பதைப் போற்றும் விதமாகவும் இரண்டு வகையாக எழுதிக் கொடுத்தார்கள். முதல் வகையைப் படித்தபோது முதல் தலைமுறை மாணவர்கள் அடுத்துத் தரப்பட்ட சொற்புதிரில் பின்தங்கினர். இரண்டாவதைப் படித்தபோது அந்த இடைவெளி மறைந்தது. நோக்கம் இருந்தது; அது செல்லுபடியாகும் இடமாகக் கல்லூரி இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது நேராகப் பொருந்துகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறும் பிள்ளைகள் இந்த எண்ணுக்குள் ஏராளம். அப்பாவின் கூலி வேலையை நிறுத்த வேண்டும், அடமானத்தில் உள்ள நகையை மீட்க வேண்டும் என்ற நினைப்போடு வருபவரை நோக்கமற்றவர் என்பது அபாண்டம். அதே நினைப்பு இரண்டு அரியருக்குப் பிறகு கடன் சுமையாக மாறி, வீட்டுக்குப் போன் செய்யவே கூசும் நிலைக்கும் கொண்டுபோய் விடும். ஊக்கம் தந்த குடும்பமே அப்போது குற்றவுணர்வாகிவிடுகிறது. நோக்கத்தைப் புகழும் எழுத்துகள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

பணத்தையும் மறந்துவிடலாகாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’ ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். முன்பு கல்யாணத்தின்போது கிடைத்த உதவி இப்போது படிக்கும் காலத்தில் மாதந்தோறும் வருகிறது. பேருந்துச் செலவுக்குக் கையேந்தாத பெண்ணுக்குத் தன் நோக்கத்தைக் கைவிடாதிருக்க ஒரு வாய்ப்புக் கூடுகிறது.

ஆகவே ஆய்வு முறையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. சேர்ந்த புதிதில் ஒரே ஒருமுறை வினாத்தாள் கொடுத்து, அதை இடைநிற்றலோடு பொருத்திப் பார்த்தால் பழி மாணவர் தலையில்தான் விழும். அதே மாணவரிடம் முதற்பருவ முடிவு வந்த வாரத்திலும் மூன்றாம் பருவத்திலும் மீண்டும் கேட்க வேண்டும். துறை வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான மதிப்பெண்ணோடும் நோக்கத்தோடும் நுழைந்தவர்கள் ஒரு துறையில் நிலைத்து, பக்கத்துத் துறையில் கலைந்து போயிருந்தால், விசாரிக்க வேண்டியது அந்தத் துறையின் பாடவேளையையும் ஆசிரியரையும் ஆலோசனை முறையையும்தான்.