வல்லூறும் பூனையும்: தொலைந்தால் தேடும் இரு முறைகள்

அபுதாபியில் ஸ்வைஹான் சாலையோரம் 1999 முதல் இயங்கிவரும் வல்லூறு மருத்துவமனையில் இன்று நாய்க்கும் பூனைக்கும்கூட வைத்தியம் உண்டு. எமிராத்தியர் கையில் ஏந்திவரும் ஷாஹீன் வல்லூறும், பிழைக்க வந்த குடும்பம் கூடையில் வைத்துத் தூக்கிவரும் பூனையும் ஒரே வளாகத்தில் சிகிச்சை பெறுகின்றன. ஆனால் தொலைந்துபோனால் இரண்டின் கதையும் வேறு. பறவையைப் பறிகொடுத்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும். பூனையைப் பறிகொடுத்த வீட்டில் அழுகையும் குழப்பமும்தான் முதலில் வருகின்றன.

வல்லூறு வளர்ப்பவர், அது ஒருநாள் திரும்பாமல் போகும் என்று எண்ணியே அதைப் பழக்குகிறார். பறக்கவிடும் முன் எடை பார்க்கிறார். வயிறு நிறைந்த பறவை அழைப்புக்கு வராது. பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பும். வாலிறகிலோ காலிலோ சமிக்ஞை அனுப்பும் சிறிய வானொலிக் கருவி கட்டப்பட்டிருக்கும். காலில் எண் பொறித்த வளையம் இருக்கும். 2002 முதல் ஐக்கிய அரபு அமீரகம் வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டே வழங்குகிறது. இவ்வளவும் பறவை கையில் இருக்கும்போதே முடிந்துவிடுகிற ஏற்பாடு.

காற்று மாறியோ, இரையைத் துரத்தியோ பறவை கண்ணுக்கு மறைந்தால், பின்னால் ஓடிப் பயனில்லை. மணல்மேட்டில் ஏறி நின்று ஆண்டெனாவைச் சுழற்றுகிறார்கள். உயரத்தில் நின்றால்தான் சமிக்ஞை தடையின்றி எட்டும். இரை பிடித்துத் தின்றுவிட்ட பறவை அன்று இறங்காது. எங்கே அடைகிறது என்று அந்தியில் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடியுமுன் அங்கே போய் நிற்பார்கள். பசியோடு விழிக்கும் பறவைக்கு முன்னால் ஹுபாரா பறவையின் இறகுகள் கட்டிய ‘தில்வா’ என்ற போலி இரையைச் சுழற்றி, பெயர் சொல்லி அழைப்பார்கள். 2010இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய இந்த வல்லூறு வேட்டைக் கலையில் பிடிக்கும் திறமைக்கு இணையாக இந்தப் பொறுமையையும் நான் மதிக்கிறேன்.

பூனை நேர் எதிர். அது தூரம் போவதில்லை. காணாமல்போன 1,210 பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்தவற்றுள் முக்கால் பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. மூன்றில் ஒரு பங்கு ஏழு நாளுக்குள் கிடைத்தது. நேரில் இறங்கித் தேடியவர்களுக்கே பூனை கிடைக்கும் வாய்ப்பு கூடியது. ஷார்ஜா அல் நஹ்தாவிலோ துபாய் கராமாவிலோ ஃப்ளாட்டில் வாழ்பவர்கள் இந்தக் கணக்கை மேலும் கீழுமாகவும் பார்க்க வேண்டும் என்பேன். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டைமாடி, குப்பை அறை, அடித்தள பார்க்கிங், அங்கே நிற்கும் கார்களின் அடிப்பகுதி என்று ஒவ்வொரு தளமாகத் தேட வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பயத்தில் பதுங்கிக்கொண்டு, சொந்தக்காரர் குரலுக்கும் பதில் தராது. ஐந்து பேர் சேர்ந்து பெயர் சொல்லிக் கத்தினால் இன்னும் உள்ளே ஒடுங்கும்.

தேடும் நேரத்தைப் பற்றி மட்டும் வல்லூறுக்காரரிடமிருந்து பூனைக்காரர் அப்படியே கற்றுக்கொள்ளலாம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் பகலில் எந்தப் பூனையும் வெளியே வராது. லிஃப்ட் ஓய்ந்து, பார்க்கிங் அடங்கிய பின்னிரவில் ஒருவர் மட்டும் டார்ச்சோடு போக வேண்டும். வழக்கமான தீனி டப்பாவை மெல்லக் குலுக்கி, உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இருட்டில் கண்கள் மின்னும். வெயில் காலத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறக்கக் கூடாது.

பலரும் ஏமாறுவது மைக்ரோசிப் விஷயத்தில். துபாயில் நாய்க்கும் பூனைக்கும் சிப்பும் நகராட்சிப் பதிவும் கட்டாயம். அபுதாபியில் ‘தம்’ (TAMM) என்ற அரசு சேவைத் தளத்தின் வழியாகப் பதியும் சேவை 2025 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனால் அரிசி அளவேயான அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, அது எங்கிருக்கிறது என்று தானாகச் சொல்லாது. வல்லூறின் வானொலிக் கருவி செய்யும் வேலையைச் சிப் செய்யும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. யாராவது பூனையைப் பிடித்து மருத்துவரிடமோ காப்பகத்துக்கோ கொண்டுபோய் ஸ்கேனர் காட்டினால், பதினைந்து இலக்க எண் தெரியும். அவ்வளவுதான். அந்த அளவிலும் அதன் பயன் பெரிது. 2009இல் வெளியான அமெரிக்கக் காப்பக ஆய்வில், சிப் இருந்த பூனைகளில் 38.5 சதவீதம் வீடு திரும்பின. தெருவிலிருந்து வந்த பூனைகளை மொத்தமாகக் கணக்கிட்டால் 2 சதவீதம்கூட இல்லை. சிப் இருந்தும் உரிமையாளர் கிடைக்காததற்கு முக்கியக் காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தது.

வளைகுடாவில் இது இன்னும் கூர்மையான சிக்கல். வேலை மாறினால் சிம் மாறும். துபாயிலிருந்து தோஹாவுக்கோ சென்னைக்கோ குடும்பம் நகர்ந்தால் பழைய எண் செத்துவிடும். பதிவேட்டில் அது அப்படியே கிடக்கும்.

மனிதர் உதவி விஷயத்தில் பூனைக்காரர் ஏழையல்ல. பாலைவனத்தில் வல்லூறைத் தேடுபவருக்குக் கூட வந்த சிலர்தான் துணை. நகரத்துப் பூனையை நாத்தூர் எனப்படும் கட்டடக் காவலாளி, துப்புரவுத் தொழிலாளி, மளிகைக் கடைப் பையன், கார் கழுவுபவர் என்று எத்தனையோ கண்கள் பார்க்கின்றன. 2021 ஆகஸ்டில் துபாய் தேராவில் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து விழவிருந்த சினைப் பூனையைத் துணி விரித்துத் தாங்கியவர்கள் இந்தியா, பாகிஸ்தான், மொராக்கோவிலிருந்து வந்த சாதாரண மனிதர்கள். ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ராஷித் அவர்களைப் பாராட்டிப் பரிசளித்தார். இப்படிப்பட்டவர்களிடம் முதல் மணி நேரத்திலேயே படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். தமிழ், மலையாளம், இந்தி, உருது, எது வருமோ அதில் சொல்லுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வல்லூறுக்காரரின் முறையே மேல் என்பது என் முடிவு. பறவையின் விலை இதற்குக் காரணமில்லை; தொலையும் முன்பே தயாராக இருப்பதுதான் காரணம். வீட்டில் பூனையோ நாயோ வைத்திருப்பவர்கள் பால்கனிக்கு இன்றே வலை அடியுங்கள். சிப் பதிவில் உங்கள் இப்போதைய எண்ணோடு ஊரிலுள்ள ஓர் உறவினர் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிம் மாற்றும் நாளிலேயே பதிவையும் மாற்றிவிடுங்கள்.