சயாம் மரண ரயிலும் யூத மரபின் கழுவாய் நெறியும்

1967 செப்டம்பர் 21 அன்று ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. போர்க்காலத் துயரங்களுக்காக 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் தர ஜப்பான் ஒப்புக்கொண்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. விவகாரம் முற்றாகத் தீர்ந்ததாக உடன்படிக்கை அறிவித்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டத்து லயங்களிலிருந்து, ஜப்பானிய இராணுவம் போரின்போது போட்ட ரயில்பாதையின் வேலைக்காகச் சயாமுக்கு ஏற்றப்பட்டுத் திரும்பாமற்போன தமிழர்களின் வீடுகளுக்கு அந்தக் கப்பல்கள் எதையும் கொண்டுவரவில்லை. யூத அறநெறியின்படி இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இறைவனுக்கு எதிரான குற்றத்தை யூதரின் கழுவாய் நாளான யோம் கிப்பூரின் நோன்பு தீர்க்கும். சக மனிதருக்கு இழைத்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் தீர்க்காது என்கிறது பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதை நடைமுறையாக விரித்தார். குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் பத்துப் பேரை அவருடைய கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேயே நம் வழக்கு முட்டி நிற்கிறது. 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்குச் சரியான கணக்குக்கூட எடுக்கப்படவில்லை. பத்துப் பேரை எந்தக் கல்லறைக்கு அழைத்துப் போவது?

யூதச் சட்டத்தின் இன்னொரு விதி இந்தப் பாதைக்கே எழுதியதுபோல் பொருந்துகிறது. திருடிய உத்தரத்தை ஒருவன் மாளிகையில் வைத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது? கட்டடத்தை இடித்தாவது உத்தரத்தையே திருப்பித் தர வேண்டும் என்றது பண்டைய யூத ஆசான் ஷம்மாயின் மரபு. விலையைக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் திருந்த நினைப்பவனும் பயந்து பின்வாங்குவான் என்றது மற்றோர் ஆசான் ஹில்லேலின் மரபு. ஹில்லேலின் கருணையே நிலைத்தது. மலாயாவின் கிழக்குக்கரை ரயில்பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களும் சயாம் பாதைக்குப் போயின. போருக்குப் பின் அப்பாதையில் தன் நாட்டுப் பகுதியைத் தாய்லாந்து 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது; பறிபோன ரயில் தளவாடங்களுக்கு ஈடுசெய்யவே அந்தப் பணம் என்று கூறப்பட்டது. இரும்புக்கு விலை கிடைத்தது. அந்த இரும்பைத் தோளில் சுமந்தவர்களின் வாரிசுகளை யாரும் தேடவில்லை. ஹில்லேல் காட்டிய சலுகை விலை கொடுப்பவனுக்கு மட்டுமே உரியது.

பொறுப்பு ஜப்பானோடு நிற்கிறதா? பாவத்துக்கு முகவர் கிடையாது என்பது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூதின் விதி. குருவான இறைவனின் சொல்லும் சீடனான மனிதனின் சொல்லும் மோதினால் எதைக் கேட்பது என்று அது கேட்கிறது. தோட்டங்களில் சயாமுக்கு ஆள் கணக்குக் கொடுத்தவர்களில் நம்மவர்களான கிராணிகளும் கங்காணிகளும் இருந்தனர். உங்களில் ஒருவனைத் தராவிட்டால் எல்லாரையும் கொல்வோம் என்று பகைவர் மிரட்டினால், எல்லாரும் சாக நேர்ந்தாலும் ஒருவனைப் பொறுக்கிக் கொடுக்கக் கூடாது என்கிறது மிஷ்னாவின் துணைத் தொகுப்பான தொசெப்தா. பகைவரே பெயர் சொல்லிக் கேட்டால் நிலைமை வேறு. ஆகவே நிர்வாகம் கேட்ட தொகைக்கு ஆளைப் பொறுக்கியவரின் நிலை மிகக் கடினமானது. எனினும், நல்ல கூலி, சீக்கிரம் திரும்பலாம் என்ற வாக்கை நம்பி முதல் கூட்டத்தின் பெயர்களை எழுதியவரையும், போனவர்கள் திரும்பாததும் மற்றவர்கள் காட்டில் ஒளிவதும் தெரிந்த பிறகு எழுதியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்மீது எந்தக் குற்றமும் இல்லை. தந்தையின் பாவத்தை மகன் சுமக்க மாட்டான் என்று விவிலியத்தின் எசேக்கியேல் நூல் 18ஆம் அதிகாரத்தில் அடித்துச் சொல்கிறது. இன்றைய ஜப்பானியருக்கும் அதே நியாயம்தான்.

தனிமனிதரின் கழுவாய்க்கு நாகாசே தகாஷி சான்று. காஞ்சனபுரியில் ஜப்பானிய இராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர். எரிக் லோமாக்ஸ் என்ற கைதி வதைக்கப்பட்ட விசாரணையில் பேசியது அவருடைய குரல். போர் முடிந்ததும் நேசநாட்டுக் குழுவோடு கைதிகளின் கல்லறைகளைத் தேடி அலைந்தார். 1986இல் காஞ்சனபுரியின் ரயில் பாலத்தருகே ஒரு புத்த ஆலயம் எழுப்பினார். 1993இல் லோமாக்ஸை நேரில் சந்தித்தார். லோமாக்ஸ் பின்னர் மன்னித்தார். நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான் என்ற சமாதானத்தில் நாகாசே ஒளிந்துகொள்ளவில்லை. மைமோனிடிஸ் கேட்பதும் இதையே. ஆனால் லோமாக்ஸின் மன்னிப்பு லோமாக்ஸுக்குச் செய்ததை மட்டுமே தொடும். சாகக்கிடந்த நாஜி வீரன் ஒருவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை, நாஜி முகாமில் கைதியாயிருந்த சைமன் வீசந்தால் ‘சூரியகாந்தி’ என்ற நூலில் எழுதினார். அதற்கு மறுமொழி தந்த யூத ரப்பி ஆபிரகாம் ஹெஷல், பிறருக்கு இழைத்ததை மன்னிக்க எவருக்கும் உரிமையில்லை என்றார். செத்த தமிழனுக்காக மன்னிக்கும் உரிமை நமக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை.

அரசுக்கு வேறொரு கடமை உண்டு. வாரிசு யாரென்று தெரியாவிட்டால் கடனை நீதிமன்றத்தில் ஒப்படைத்துக் குற்றத்தை அறிக்கையிட வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ். நீதிமன்றம் அதைக் காப்பதற்காக வாங்குகிறது, சொந்தமாக்கிக்கொள்ள அல்ல. 1967இல் மலேசியா பெற்றதை இப்படிப் பார்த்தால், அது இன்னும் உரியவரிடம் சேராத வைப்பு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ‘சயாமுக்குப் போன தாத்தா’ என்று பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்வது, வைப்பை வாங்கியவரின் வேலை.