மேல்மரபியலும் புற்றணுவின் சர்க்கரை வளர்சிதைமாற்றமும்

புற்றணுக்கள் பெரும்பாலும் இயல்பான உயிரணுக்களைவிட அதிகமாகக் குளுக்கோசை உள்வாங்குகின்றன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் குளுக்கோசை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகின்றன. இந்தப் பழக்கத்தை நிலைநிறுத்துவதில் மேல்மரபியல் மாற்றங்களுக்கும் பங்குண்டு. மரபணுவின் எழுத்து மாறாமல், அது இயங்குவதும் அடங்குவதும் மட்டும் மாறுவதே மேல்மரபியல் மாற்றம்.

வார்பர்க் விளைவு

1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், கட்டித் திசுவின் மெல்லிய சீவல்களைக் கண்ணாடிக் கலங்களில் வைத்து, அவை செலவிடும் ஆக்சிஜனையும் சுரக்கும் அமிலத்தையும் அளந்து இந்தப் பழக்கத்தைக் கண்டார். அதுவே வார்பர்க் விளைவு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதும் எரிந்தால் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கும். லாக்டிக் அமிலத்தோடு நின்றுவிட்டால் 2 மட்டுமே. இந்த ஊதாரித்தனத்துக்கு உயிரணுவின் சுவாசப் பழுதே காரணம் என்று வார்பர்க் கருதினார். ஆனால் பல புற்றணுக்களில் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்டிரியா நன்றாகவே இயங்குவது பின்னர் தெரிந்தது. அரைகுறையாக எரியும் சர்க்கரை, புதிய உயிரணுக்களைக் கட்ட மூலப்பொருளும் தருகிறது.

இந்தச் சர்க்கரைப் பசிதான் கட்டியைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனின் அடிப்படை. குளுக்கோசை ஒத்த எஃப்டிஜி என்னும் கதிரியக்கப் பொருள் 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. மலேசியாவின் மாசாயிலிருந்து ஸ்கேனுக்குப் போகிறவருக்கும் மதுரைக்காரருக்கும் விதி ஒன்றே: சில மணி நேரம் பட்டினி, தண்ணீர் மட்டும், காலைத் தே தாரிக் என்னும் பால் தேநீரும் கூடாது. இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, ஊசி போட்டு, அசையாமல் உட்காரவைப்பார்கள். படத்தில் கட்டி ஒளிரும். இயல்பிலேயே சர்க்கரையை நாடும் மூளையும் கூடவே ஒளிரும்.

பூட்டும் திறப்பும்

மேல்மரபியல் என்ற கருத்தை 1942இல் கான்ராட் வாடிங்டன் முன்வைத்தார். 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும், புற்றணு டிஎன்ஏவில் மெத்தில் என்னும் வேதி முத்திரைகள் குறைந்திருப்பதைக் காட்டினர். மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குவிந்தால் பெரும்பாலும் அந்த மரபணு பூட்டப்படும். நீங்கினால் திறக்க வழி உண்டாகும். குளுக்கோசை உயிரணுவுக்குள் பிடித்துவைக்கும் ஹெக்சோகைனேஸ்-2 நொதியின் மரபணு இப்படித் திறக்கப்படுவதற்கான சான்றை 2003இல் பீட்டர் பெடர்சன் குழு தந்தது. மறுபுறம், சர்க்கரைச் சிதைவை எதிர்த்திசையில் திருப்பும் எஃப்பிபி-1 மரபணு இரைப்பைப் புற்றில் பூட்டப்படுவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

பெருங்குடலில்

மலேசிய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது பெருங்குடல் புற்று. பாதிக்கும் மேற்பட்ட பெருங்குடல் கட்டிகளில் எஸ்எல்சி5ஏ8 என்ற மரபணு மெத்திலால் முடக்கப்பட்டிருப்பதை 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அது செய்யும் வேலையை விளக்கியவர்கள் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியின் வடிவேல் கணபதி, முத்துசாமி தங்கராஜு ஆகியோரின் குழுவினர். நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேட்டையும், சர்க்கரைச் சிதைவில் வரும் பைருவேட்டையும் உயிரணுவுக்குள் ஏற்றும் வாயில் அது. இவ்விரண்டும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் முத்திரையை நீக்கும் ஹிஸ்டோன் டீஅசிட்டிலேஸ் நொதிகளை அடக்கி, புற்றணுவைச் சாகத் தூண்டுகின்றன. புற்றணுவோ வாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே உண்டாகும் பைருவேட்டையும் லாக்டேட்டாக, அதாவது லாக்டிக் அமிலமாக, மாற்றித் தப்பிக்கிறது என்பது இக்குழுவின் விளக்கம்.

எதிர்த்திசை

சர்க்கரையும் மரபணு முத்திரைகளை மாற்றுகிறது. குளுக்கோசிலிருந்து பிறக்கும் அசிட்டைல் கோஏ, ஹிஸ்டோன்களில் அசிட்டைல் முத்திரையாக ஏறுவதை 2009இல் கேத்ரின் வெல்லனும் சகாக்களும் காட்டினர். கழிவென்று கருதப்பட்ட லாக்டேட்டும் ஹிஸ்டோனில் ஒட்டி மரபணுக்களைத் தூண்டுகிறது என்பதை 2019இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யிங்மிங் ஜாவோ குழு அறிவித்தது. ஆக, முத்திரை சர்க்கரைப் பாதையை வளைக்க, அந்தப் பாதையின் விளைபொருள் புதிய முத்திரையாகிறது.

மருத்துவம்

பிறழ்ந்த ஐடிஎச்-1 நொதி உண்டாக்கும் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட், மெத்திலை நீக்கும் நொதிகளை முடக்குகிறது. பிறழ்ந்த ஐடிஎச்-1ஐத் தடுக்கும் ஐவோசிடெனிப் மருந்து 2018இல் இரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2004இல் அனுமதி பெற்ற அசாசிட்டிடின் மெத்தில் பூட்டுகளைத் தளர்த்தும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பூட்டை மட்டும் தேர்ந்து திறக்க அதற்குத் தெரியாது. சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் உணவில் சீனி இல்லாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோசைத் தயாரித்து இரத்தத்தில் விடும். கட்டிக்கு அதுவே போதும்.