ஹோட்டல்காரர் பறந்த கதை

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் போர்மனாக இருக்கும் என் பால்ய நண்பர், "ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் போகக்கூடாதா?" என்று வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் பஸ் சோழவரத்தைத் தாண்டிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே விமானங்களுக்காக ஓடுபாதை போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு அதே பாதையில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே போனதால், நண்பர் வீட்டுப் படி ஏறும்போது என் மனம் ஆகாயத்திலேதான் இருந்தது.

நண்பரின் பையன் வினாடி வினாப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தான். "இந்தியாவில் முதன் முதலில் விமானம் பறந்தது 1911-ல், அலகாபாத்தில்" என்று உரக்க வாசித்தான்.

"தப்பு" என்றேன்.

"புஸ்தகத்துல போட்டிருக்கே, மாமா!"

புஸ்தகத்தில் போட்டதெல்லாம் நிஜமென்றால் என் நாவல்களும் நிஜம்தான். ஆகவே பையனை உட்காரவைத்துக் கதை சொல்லலானேன்.

சென்னை மவுண்ட் ரோடில் ஜியாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்று ஒரு ஹோட்டல்காரர் இருந்தார். கார்ஸிகா தீவுக்காரர். வெள்ளைக்காரப் பிரபுக்களுக்கு விருந்து சமைத்துப் போட்டுப் பேர் வாங்கியவர். 1909 ஜூலை 25-ந் தேதி பிரான்ஸ் தேசத்து பிளேரியோ, இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டினார். அந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. எத்தனையோ பேர் அதைப் படித்து, "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்திருப்பார்கள். நம் ஹோட்டல்காரரோ விமானமே கட்டத் துணிந்துவிட்டார்.

விமானத்தின் அமைப்பு அவருடையது. கட்டிக் கொடுத்தது, 1840 முதல் சென்னையில் வண்டி கட்டிவந்த சிம்ப்ஸன் கம்பெனி. இரட்டை இறக்கை, சின்ன எஞ்சின். பல்லாவரத்தில் சோதனை பார்த்தார்கள். பிறகு, 1910 மார்ச் மாதத்தில், தீவுத்திடலில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஹோட்டல்காரர் அல்லவா? எதையும் இலவசமாகப் பரிமாறி அவருக்குப் பழக்கமில்லை!

அந்த வருஷக் கடைசியில்தான் கல்கத்தாவில் பெல்ஜியத்துப் பிரபு ஒருவர் பறந்தார். அலகாபாத் அதற்கும் பிந்தியது. 1911 பிப்ரவரி 18-ந் தேதி, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனையைத் தாண்டி நைனிக்குப் போனார். ஆறு மைல் தூரம். உலகத்தின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுதான். பெருமைக்குரிய காரியம், சந்தேகமில்லை.

ஆனால் பின்னால் பறந்தவர் பாடப் புஸ்தகத்தில் ஏறிவிட, முன்னால் பறந்தவர் ஏன் மறைந்து போனார்? யோசித்துப் பார்த்தால் விடை அந்தக் கடிதங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் விசேஷ முத்திரை குத்தியிருந்தார்கள். தபால்தலை சேர்ப்பவர்கள் இன்றும் அவற்றைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். சென்னைக்காரர் ஏற்றிச் சென்றதோ தம் உடம்பையும் தைரியத்தையும்தான். தைரியத்தின் மேல் எந்தத் தபாலாபீஸ் முத்திரை குத்தும்? தீவுத்திடலில் அண்ணாந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, சாட்சியும் குறைந்துகொண்டே வந்தது.

நண்பர் இதுவரை வாய் திறக்கவில்லை. இலையில் ரசத்தை விட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, அந்த இறக்கைக்கு மரம் இழைச்சவன், ஆணி அடிச்சவன் எல்லாம் நம்ம ஊர் ஆளுங்கதானே?"

"வண்டிப் பட்டறை நம் ஊரில்தானே இருந்தது!"

"அப்போ ஒரு ஆணி சரியா நிக்கலேன்னா அந்தத் துரை கீழேதான். பாதிப் பறத்தல் எங்க ஆளுங்களோடதுன்னு எழுது."

எழுதிவிட்டேன். பையனும் தன் புஸ்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் "1910, சென்னை" என்று எழுதிக்கொண்டான். போட்டியில் அதற்கு மார்க் கிடைக்காது. அது தெரிந்தேதான் எழுதினான்.