தூதுவர் ஆண்டிபேட்டர்

மாசிடோனியா என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது மாவீரர் அலெக்சாந்தரின் உருவமே. அவர் பதினோராண்டுகள் தாயகம் திரும்பாது கீழ்த்திசை நாடுகளை வென்றுகொண்டிருந்தபோது, அத்தாயகத்தைக் காத்து நின்றவர் ஆண்டிபேட்டர் என்னும் முதுபெரும் பிரபு ஆவார்.

கி.மு. 400ஐ ஒட்டிப் பிறந்த அவர், இரண்டாம் பிலிப்பு மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராய் உயர்ந்தார். கி.மு. 346இல் ஏதென்சுடன் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டபோது, அந்நகரத்தாரின் உறுதிமொழியைப் பெறச் சென்ற தூதுவருள் அவரும் ஒருவர். எட்டாண்டுகளுக்குப் பின் கெரோனியாப் போரில் ஏதென்சு தோற்றது. போரில் மாண்ட ஏதெனியரின் சாம்பலை அவர்தம் நகருக்கே கொண்டு சென்று ஒப்படைக்கும் பணி இளவரசர் அலெக்சாந்தருக்கும் ஆண்டிபேட்டருக்கும் வாய்த்தது. சிறைப்பட்டோரும் மீட்புப்பணமின்றி விடுவிக்கப்பட்டனர். அவர் எடுத்துச் சென்றது மன்னரின் பெருந்தன்மை, தம்முடையதன்று. இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கி.மு. 336இல் பிலிப்பு கொலையுண்டபோது, இளைஞர் அலெக்சாந்தர் அரியணை ஏறத் துணை நின்றவர் இவரே. கி.மு. 334இல் படையெடுத்துப் புறப்பட்ட மன்னர், 12,000 காலாட்களையும் 1,500 குதிரை வீரரையும் இவரிடம் விட்டுச் சென்றார். ஸ்பார்ட்டா மன்னர் ஏகிஸ் கி.மு. 331இல் கிளர்ந்தெழுந்தார். அவரை வென்று வீழ்த்திய ஆண்டிபேட்டர், ஸ்பார்ட்டாவுக்குரிய தண்டனையைத் தாமே விதியாது கிரேக்க நகரங்களின் பேரவையிடம் விட்டார். கைதேர்ந்த தூதுவரின் செயல் அது! ஆயினும் அப்போரை எலிகளின் சண்டை என்று அலெக்சாந்தர் எள்ளி நகையாடினாராம், புளூட்டார்க் கூறுகின்றார். அரசமாதா ஒலிம்பியாசும் இவர்மீது ஓயாது குறைகூறி மகனுக்கு எழுதி வந்தார். இறுதியில், கி.மு. 324இல், இவரை நீக்கிவிட்டுக் கிராட்டரசை அமர்த்த ஆணை பிறந்தது. அது நிறைவேறுமுன் அலெக்சாந்தர் பாபிலோனில் மறைந்தார்.

உடனே ஏதென்சு விடுதலைப் போர் தொடுத்தது. ஆண்டிபேட்டர் லாமியாக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். பின்னர்க் கிராட்டரசே துணைக்கு வர, கி.மு. 322இல் கிரானன் என்னுமிடத்தில் வென்றார். இம்முறை அவருக்கு ஆணையிட மன்னர் எவரும் அருகில் இலர். தூதுவராய் வந்த மெய்யியலறிஞர் செனோகிராத்தீசைப் பேசவும் விடவில்லை. 2,000 திராக்மா உடைமை இல்லாத ஏழையர் வாக்குரிமை இழந்தனர். அவ்வாறு இழந்தோர் 12,000க்கும் மேற்பட்டோர் என்பர். முனிக்கியாக் குன்றில் மாசிடோனியக் காவற்படை அமர்ந்தது. நாவலர் டெமாஸ்தனீஸ் பிடிபடுமுன் நஞ்சுண்டு மாண்டார். அடிமைகளுக்கு இந்நிபந்தனைகள் மென்மையானவை, உரிமை மக்களுக்கோ கொடியவை என்று செனோகிராத்தீஸ் கூறியதாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். சாம்பலைச் சுமந்து வந்த அதே மனிதரை ஏதெனியர் அன்று எவ்வாறு நோக்கியிருப்பர்! அரிஸ்டாட்டில் தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஒப்படைத்ததும் இவரிடமே என்பது வியப்புக்குரியது.

கி.மு. 319இல் இறக்கும் தறுவாயில், ஆட்சிப் பொறுப்பைத் தம் மகன் கசாண்டருக்கு அளியாது மூத்த தளபதி பாலிபெர்க்கானுக்கு அளித்தார். மகன் அதற்கு இணங்கவில்லை, போர் மூண்டது. கி.மு. 316இல் ஒலிம்பியாசையும், கி.மு. 310ஐ ஒட்டி அலெக்சாந்தரின் இளம் புதல்வனையும் கசாண்டர் கொல்வித்தான். தந்தை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பணிந்து காத்த அரசகுலம் மகன் கையால் அழிந்தது.